ஒரு சொல் கொடுங்க, போதும்!

(பழனியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "விட்டுப்போன எழுத்தை மீட்டுத் தருவது தானாய் ஊறும் ஆர்வமா? பிறர் வைக்கும் சவாலா?" 'சவாலே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய குடும்பத் தலைவியின் பேச்சு.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் ரொம்ப அழகாகப் பேசினார். எழுத்து ஒரு ஊற்று, அது தானாக ஊறும், கயிறு கட்டி இழுக்கக் கூடாது என்று சொன்னார். எட்டு நிமிஷம் ஊற்று ஊறிக்கொண்டே இருந்தது. நடுவர் ஐயா மணி அடித்தீர்கள். அப்புறம்தான் ஐயா தண்ணியே வந்தது! (சிரிப்பு) கடைசி ஒரு நிமிஷத்தில் நாலு நல்ல கருத்து, மூச்சு விடாமல் சொன்னார். அந்த மணி எங்க கட்சி. (கைதட்டல்)

நடுவர்: அம்மா, உங்களுக்கும் அதே மணிதான். ஞாபகம் இருக்கட்டும்.

இருக்குங்க ஐயா, அதை நம்பித்தான் வந்திருக்கேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "மல்லிகைப் பூவிடம் போய் யாராவது சவால் விடுகிறார்களா? அது பாட்டுக்கு மலரவில்லையா?" என்று கேட்டார். அவர் வெளியூர்க்காரர், பாவம். இதே திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம் அவரை ஒரு நாள் அழைத்துப் போகணும். அங்கே விடியறதுக்கு முன்னாலேயே பொம்பளைங்க தோட்டத்தில் இறங்கியிருப்பாங்க. பூ மலரட்டும் என்று யாரும் காத்திருக்கிறதில்லை. மொட்டாகப் பறிச்சு சந்தைக்குப் போய்ச் சேரணும். தானாக மலர்ந்த மல்லிகைக்கு மார்க்கெட்டில் விலை கம்மி ஐயா! (கைதட்டல்) பூ மலர்வது செடியின் வேலை. அது மாலையாகி சாமி கழுத்துக்குப் போவது நேரம் குறிச்சவன் வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுதிச் சம்பாதிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பே தேவையில்லை. அவர்களுக்குப் பத்திரிகை ஆபீசிலிருந்து போன் வரும், வீட்டு வாடகை வரும், பேனா தானாக ஓடும். நாம் பேசுவது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதுகிறவர்களைப் பற்றி. ரிட்டையர் ஆன வாத்தியார், டிக்கெட் கிழிச்சு முடிச்சு டிப்போவில் பஸ்ஸை விட்டுட்டு வந்து நாலு வரி எழுதுகிற கண்டக்டர், என்னை மாதிரி வீட்டில் இருக்கிறவர்கள்.

எங்களுக்கு உள்ள கஷ்டம் என்ன தெரியுமா ஐயா? நான் ஒரு நாள் சமைக்கவில்லை என்றால் பகல் பன்னிரண்டரைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். (சிரிப்பு) நான் எழுதவில்லை என்றால்? 24 வருஷம் எழுதாமல் இருந்தேன் ஐயா. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "ஏம்மா இப்பெல்லாம் எழுதறதில்லையா?" என்று கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்தேன். ரெண்டு துணுக்கு, ஒரு கவிதை அச்சில் வந்தது. அந்தக் காலத்தில் கதை அனுப்புவது எப்படி என்று உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதணும். கூடவே நம் விலாசத்தை நாமே எழுதி, தபால் தலை ஒட்டி, இன்னொரு கவரையும் உள்ளே வைக்கணும். கதை பிடிக்கவில்லை என்றால் அதில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அது வருகிறபோது கவரின் மேலே யார் கையெழுத்து இருக்கும்? நம்ம கையெழுத்து! நமக்கு நாமே "நீ லாயக்கில்லை" என்று கடுதாசி போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்.

புகுந்த வீட்டுக்கு வந்து ஆறாவது மாசம் அப்படி ஒரு கவர் வந்தது. தபால்காரரிடம் வாங்கினது என் அத்தை, அதாவது மாமியார். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "ஏம்மிணி, உனக்கு நீயே கடுதாசி போட்டுக்கறியா? எங்கிட்டச் சொன்னா நான் பேச மாட்டேனா?" என்று கேட்டாங்க. (பலத்த சிரிப்பு) சத்தியமா அவங்க அன்பாகத்தான் கேட்டாங்க. புகுந்த வீட்டில் மருமகள் தனியாகப் புழுங்குகிறாளோ என்று பயந்துட்டாங்க. ஆனால் எனக்கு என்னவோ அன்னிக்கே பேனா கனத்துப் போச்சு. அது 1996.

இங்கேதான் எதிரணியின் கட்சியைப் பரிசோதிக்கணும். ஆர்வம் தானாக ஊறும் என்றால், அந்த 24 வருஷம் என் ஆர்வம் எங்கே போச்சு? போகலை ஐயா. ரசம் கொதிக்கும்போது கதை வரும். ரெண்டு வரி மனசுக்குள் ஓடும். உடனே கூடவே இன்னொரு குரல் வரும். "நீ எழுதி யார் படிக்கப் போறா?" அந்தக் குரலுக்கு ஆர்வம் பதில் சொல்லாது. ஆர்வம் பசி மாதிரி. பசி இருந்தால் மட்டும் இலையில் சோறு விழுந்துடுமா?

எதிரணியில் அடுத்து பேசப் போகிறவர் ஒரு பெயரை எடுத்து வீசுவார், எனக்குத் தெரியும். நானே சொல்லிடறேன். அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்தவர், இப்போது கனடாவில் இருக்கிறவர். 1964-ல் 'அக்கா' என்று முதல் சிறுகதைத் தொகுப்பு. அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' எப்போது? 1995-ல். நடுவில் 31 வருஷம்! தானாகத் திரும்பி வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தார், நான் மறுக்கலை. ஆனால் அந்த 'அக்கா' கதை 'தினகரன்' பத்திரிகை வைத்த போட்டியில் பரிசு வாங்கின கதை. இளம் வயசில் ஒரு போட்டி அவருக்கு "உன்னால் முடியும்" என்று சொல்லி அனுப்பியிருக்கு. எனக்கெல்லாம் அப்படி ஒரு கட்டுச்சோறு கிடையாது. எனக்கு நடுவழியில் யாராவது சோறு போட்டால்தான் உண்டு.

நடுவர்: போட்டது யாரம்மா?

சொல்றேனுங்க. அதுக்கு முன்னால் இந்த ஊர்ப் பெருமையை ஒரு நிமிஷம் பேசிக்கறேன். பழனியில் நின்னுக்கிட்டு இவரைச் சொல்லாமல் இறங்கினால் மலை மேல இருக்கிறவன் கோவிச்சுக்குவான்.

பழனி, மாம்பழம் என்றால் உங்களுக்கெல்லாம் ஒரு குடும்பச் சண்டைதான் ஞாபகம் வரும். (சிரிப்பு) இன்னொரு மாம்பழமும் இந்த ஊரில் இருந்தார். மாம்பழக் கவிச்சிங்க நாவலர். 1836-ல் இதே பழனியில் பிறந்தார், 1884-ல் மறைந்தார். குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. ஏடு பார்த்துப் படிக்க வழியில்லை. காதால் கேட்டே தமிழ் படிச்சார். ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் அவைக்குப் போனார். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினாரே பாண்டித்துரைத் தேவர், அவருடைய தகப்பனார்தான் இந்தப் பொன்னுசாமித் தேவர். அந்தச் சேதுபதி சீமையில் வித்துவான்கள் ஈற்றடி கொடுப்பாங்க. "இந்தக் கடைசி அடி வரணும், நீ பாடு" என்பாங்க. இவர் உட்கார்ந்த இடத்திலேயே பாடி முடிப்பார். அந்தத் திறமைக்குத்தான் கவிச்சிங்கம் என்று பட்டம்.

நான் என்னை அந்தச் சிங்கத்தோடு ஒப்பிடலை. சிங்கம் எங்கே, நான் எங்கே? நான் யோசிக்கிறதெல்லாம் வேற. கண் இல்லாத ஒரு பிள்ளையைப் பார்த்து அந்தக் காலத்தில் ஊர் என்ன சொல்லியிருக்கும்? "ஐயோ பாவம்" என்று சொல்லியிருக்கும். அனுதாபம் யாருக்கும் நம்பிக்கை தராது ஐயா. "இந்தா, இந்த அடியை முடி பார்க்கலாம்" என்று ஒருத்தர் சொன்னால், அதுக்கு என்ன அர்த்தம்? உன்னால் முடியும் என்று நான் நினைக்கிறேன் என்று அர்த்தம். பாராட்டைவிடப் பெரிய மரியாதை அது. (கைதட்டல்)

தமிழில் இது புதுசு இல்லை. காளமேகப் புலவரைத் திருமலைராயன் அவையில் எமகண்டம் பாடச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். கீழே நெருப்பு, மேலே உறி, கழுத்திலும் இடுப்பிலும் கத்தி, சுற்றிலும் புலவர்கள் கேள்வி கேட்பார்கள். பாட்டில் பிசகினால் ஆள் காலி என்று கர்ண பரம்பரைக் கதை. அந்த அளவுக்கு நம்மால் ஆகாது. நமக்கு அடுப்பு எரியும்போதே பக்கத்தில் நிற்க முடியலை. (சிரிப்பு) நாகர்கோவில் பக்கம் இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் சதாவதானம் செய்தார். நூறு பேர் நூறு விதமாகக் கவனத்தைக் கலைக்க, அதற்கு நடுவில் கேட்ட வெண்பாவையும் பாடி முடிக்கணும். அதுவும் சவால்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது புதுச்சேரிக் கதை. கனகசுப்புரத்தினம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாரதியார் அங்கே இருந்த காலம். நண்பர்கள் கூடியிருக்கிறபோது, "பாடு" என்று பாரதி சொல்கிறார். வாத்தியார் அங்கேயே பாடுகிறார். பாரதி அதோடு விடலை. தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு வரி மேலே எழுதி, அந்தப் பாட்டைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைக்கிறார். அந்த வாத்தியார்தான் பாரதிதாசன் ஆனார். உள்ளே பாட்டு இருந்ததா? இருந்தது. கேட்க ஒருத்தர் இருந்தார், கேட்ட கையோடு அதை நாலு பேர் படிக்க வெச்சார். இந்த ரெண்டும் சேர்ந்தால்தான் ஐயா நான் சொல்கிற சவால். கேட்டுட்டுக் காணாமல் போகிறவர் சவால் விட்டவர் ஆகமாட்டார். அவர் வெறும் பரீட்சைக்காரர்.

இப்போ நடுவர் ஐயா கேட்டதுக்கு வருகிறேன். 2020. ஊரடங்கு. மலைக்கோயில் நடை சாத்தி, அடிவாரம் ஈ காக்கா இல்லாமல் கிடந்தது. தைப்பூசத்துக்கு லட்சம் பேர் நடந்து வருகிற ரோட்டில் ஒரு நாய் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கடையைத் திறக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்து நான் சமைக்கிறதில் குறை கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தார். (சிரிப்பு) அப்போ என் மகள் செல்போனில் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். இருபது, இருபத்தைந்து பேர். பழைய வாத்தியார்கள், நர்சுகள், வெளிநாட்டுத் தமிழர்கள். காலையில் ஆறு மணிக்கு ஒரு சொல் வரும். ராத்திரி பத்து மணிக்குள் அந்தச் சொல்லை வைத்து நூறு சொல்லில் ஒரு கதை எழுதணும். முப்பது நாள். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. எழுதினவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் வந்த சொல் என்ன தெரியுங்களா? பூட்டு. திண்டுக்கல் மாவட்டத்துக்காரியிடம் பூட்டைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? (கைதட்டல்) எங்கள் வீட்டுக் கதவில் இன்னிக்கும் தொங்குவது மாங்காய்ப் பூட்டு. காய் நறுக்கிக்கொண்டே யோசிச்சேன். பாதயாத்திரை வருகிற ஒரு பாட்டி. ஊரில் வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிஞ்சுக்கிட்டு நடக்கிறாள். தங்குகிற ஒவ்வொரு மடத்திலும் முடிச்சைத் தடவிப் பார்க்கிறாள். மலைமேல் வந்து சாமி கும்பிட்டுத் தடவினால் முடிச்சு அவிழ்ந்து கிடக்கு, சாவி இல்லை. அழப் போகிறாள் என்று பார்த்தால், "சரி, இனி அவசரமில்லை" என்று படியில் உட்கார்ந்துவிடுகிறாள். இவ்வளவுதான் கதை. ராத்திரி ஒன்பது ஐம்பதுக்கு அனுப்பினேன். கை நடுங்குச்சு. எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினொரு சொல். பதினொன்றை வெட்டினேன். வெட்டினதும் கதை நல்லா ஆச்சு!

மறுநாள் காலையில் அந்தக் குழுவில் கனடாவிலிருந்து ஒரு அம்மா ரெண்டே வரி போட்டிருந்தாங்க. அவங்க ஊரில் சாவியைத் திறப்பு என்பாங்க. "எங்கட வீட்டுத் திறப்பு இப்பவும் என்னட்ட இருக்கு. வீடுதான் இல்லை" என்று எழுதியிருந்தாங்க.

(அரங்கில் அமைதி)

நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துட்டேன் ஐயா. நான் எழுதினது பழனிப் பாட்டியின் சாவி. அது கடல் தாண்டிப் போய் வேற யாரோ ஒருத்தர் பெட்டியில் இருக்கிற சாவியைத் தொட்டிருக்கு. "நீ எழுதி யார் படிக்கப் போறா?" என்று 24 வருஷமாகக் கேட்டுக்கிட்டு இருந்த குரல் அன்னிக்கு வாயை மூடிக்கிச்சு. (கைதட்டல்)

நடுவர்: நல்லா இருக்கும்மா. ஆனால் எதிரணி கேட்கும். நூறு சொல் எழுதினதெல்லாம் இலக்கியமா?

இல்லைங்க ஐயா. முப்பது நாளில் நான் எழுதினது இருபத்தேழு. அதில் தேறினது நாலோ அஞ்சோ. மிச்சமெல்லாம் உமிதான். ஆனால் நெல்லைக் குத்தாமல் உமியும் வராது, அரிசியும் வராது.

அமெரிக்காவில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். 1999-ல் கிறிஸ் பேட்டி என்பவர், சான் பிரான்சிஸ்கோ பக்கத்துக்காரர், நண்பர்களையும் சேர்த்து 21 பேராக உட்கார்ந்தார்கள். ஒரு மாசத்தில் ஐம்பதாயிரம் சொல்லில் ஒரு நாவல் எழுதணும் என்று பந்தயம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1,667 சொல். நானோரைமோ என்று அதுக்குப் பெயர். அடுத்த வருஷத்திலிருந்து நவம்பர் மாசத்துக்கு மாத்தினார்கள். ஏன் என்றால் அங்கே நவம்பரில் வெளியே தலை காட்ட முடியாத குளிர், வீட்டில் உட்கார்ந்து எழுதித்தான் ஆகணும்! (சிரிப்பு) பின்னால் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அதில் நடுவரே கிடையாது ஐயா, மன்னிக்கணும். (சிரிப்பு) ஐம்பதாயிரத்தைத் தொட்டவர் எல்லாரும் ஜெயித்தவர். சாரா க்ரூயன் என்ற அம்மா அதில் எழுத ஆரம்பித்த 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' நாவல் 2006-ல் புத்தகமாகி, சினிமாவாகவும் வந்தது. அந்த அமைப்பை 2025 மார்ச் கடைசியில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அமைப்பு போனாலும், நவம்பர் வந்தால் எழுதுகிற பழக்கத்தை நிறைய பேர் விடலை.

நம்ம ஆளுங்களும் சும்மா இல்லை. டொராண்டோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த பசுபதி, இணையத்தில் யாப்புப் பாடம் நடத்தி, அதைக் 'கவிதை இயற்றிக் கலக்கு' என்று புத்தகமாகவே போட்டார். நாவலர் காலத்து ஈற்றடி இப்போ கம்ப்யூட்டருக்குள் வந்துடுச்சு. வெண்பாவில் தளை தட்டினால் எடுத்துச் சொல்ல அவலோகிதம் என்று ஒரு மென்பொருள்கூட இருக்கு. அது நம் விலாசம் எழுதின கவர் கேட்கிறதில்லை! (கைதட்டல்)

எதிரணியின் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். போட்டி என்றால் பொறாமை வரும், தோற்றவன் சுருண்டு போவான் என்றார்கள். உண்மைதான். ஓட்டுப் போட்டு முதலிடம் தருகிற போட்டிகளை நான் பார்த்திருக்கேன். கதையைவிட, சொந்தக்காரர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். மச்சான், கொழுந்தியா எல்லாரையும் கூப்பிட்டு "லைக் போடு, லைக் போடு" என்று கெஞ்சணும். அதில் கலந்துக்கிட்டு அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அது மருந்தே இல்லை, விஷம். அதனால்தான் எங்க அணி போட்டி என்ற சொல்லை விட்டுட்டு, சவால் என்ற சொல்லை எடுத்தது. போட்டியில் பக்கத்து ஆளை முந்தணும். சவாலில் அந்த ராத்திரி பத்து மணியை முந்தினால் போதும்.

நம்ம மலைக்கு 693 படி. விஞ்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு, யானைப்பாதை இருக்கு. முட்டி வலிக்காரர் அதில் போகட்டும், தப்பில்லை. ஆனால் படியேறுகிறவரைப் பாருங்க. உச்சியை அண்ணாந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும் என்று அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த படியை மட்டும்தான் பார்ப்பார். நாவல் எழுதணும், பெரிய எழுத்தாளர் ஆகணும் என்று நினைத்தபோதெல்லாம் எனக்கு மூச்சு வாங்கிச்சு. நூறு சொல் என்று ஒருத்தர் சொன்னபோது, அது ஒரு படிதானே என்று காலைத் தூக்கி வெச்சேன்.

இன்னொன்று சொல்லணும். என் அத்தைக்கு இப்போ 84 வயசு. கண் சரியாகத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு நான் அனுப்பின கதையை அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், இல்லை என்றால் தூங்க மாட்டாங்க. உமியாக இருந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லிடுவாங்க. "இது நேத்துக் கதை மாதிரியே இருக்கு அம்மிணி, ஏமாத்தாதே" என்பாங்க. (சிரிப்பு) ஒரு நாள் நான் களைச்சுப் போய்ப் படுத்துட்டேன். எழுதலை. அவங்க எழுந்து தடவித் தடவி வந்து கட்டிலை ஆட்டினாங்க. "மணி ஒன்பதரை ஆச்சு. இன்னிக்கு என்ன சொல்லு?" என்று கேட்டாங்க.

24 வருஷமாக யாரும் கேட்காத கேள்வி ஐயா அது.

(நீண்ட கைதட்டல். நடுவர் மணி அடிக்கிறார்.)

நடுவர்: நேரம் முடிஞ்சதும்மா.

முடிச்சுட்டேனுங்க. இன்னிக்குக் காலையில் ஆறு மணிக்கு வந்த சொல்லும் அதுதான். மணி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) இன்னும் எழுதலை. எதிரணியில் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க, அவங்க பேசி முடிக்கிறதுக்குள் நான் அந்த மூலையில் உட்கார்ந்து எழுதிடறேன். கொஞ்சம் சீக்கிரம் ஊறச் சொல்லுங்க.